சீனாவின் மாற்றமும் தொழிலாளியின் கணக்கும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நிலைபேறான அபிவிருத்தி என்ற சொல்லை இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறோம். அது நடைமுறைக்கு வரும்போது தொழிலாளிக்கு என்ன நடக்கிறது? சீனாவை வைத்துப் பார்ப்போம்.

பல வருடங்களாகச் சீனாதான் உலகத்தின் தொழிற்சாலை. உலகின் உருக்கில் ஏறத்தாழ பாதி அங்கேதான் உற்பத்தியாகிறது. அந்த வேகத்துக்கு அவர்கள் கொடுத்த விலை புகை மூடிய நகரங்கள், கெட்டுப்போன ஆறுகள், வாங்க ஆளில்லாமல் தேங்கிய நிலக்கரியும் உருக்கும். அதனால் பாதையை மாற்றத் தொடங்கினார்கள். 2015இல் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் சேவைத்துறையின் பங்கு பாதியைத் தாண்டியது. 2060க்கு முன் கரிம நடுநிலையை அடைவோம் என்று 2020இல் ஐ.நா. பொதுச் சபைக்கு ஜனாதிபதி ஷி ஜின்பிங் உறுதியளித்தார். காற்று, சூரிய மின்சாரத்தில் 2030க்கு வைத்த இலக்கை 2024லேயே எட்டிவிட்டார்கள்.

ஆனால் சீனா கைத்தொழிலைக் கைவிட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சூரியத் தகடு, மின்கலம், மின்சார வாகனம் என்று செய்யும் பொருள்தான் மாறுகிறது. நிலக்கரியும் போய்விடவில்லை. 2023இல்கூட மின்சாரத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வந்தது.

இனித் தொழிலாளியின் கணக்கு. நிலக்கரித் துறையில் 13 இலட்சம் பேரும் உருக்குத் துறையில் 5 இலட்சம் பேரும் வேலை இழப்பார்கள் என்று 2016 பெப்ரவரியில் அரசாங்கமே அறிவித்தது. அவர்களுக்கு மாற்று வழி தேட 100 பில்லியன் யுவான் ஒதுக்கியது. எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிப் பணமும் ஒதுக்கினார்களே, அதை நாம் மதிக்க வேண்டும்.

அடுத்த மாதமே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் ஷுவாங்யாஷான் நகரில் சுரங்கத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். அரசுக்குச் சொந்தமான லாங்மெய் நிறுவனம் அவர்களுக்குச் சம்பள பாக்கி வைத்திருந்தது. ஆனால் மாகாண ஆளுநரோ பாக்கி எதுவும் இல்லை என்று பீஜிங்கில் சொல்லியிருந்தார். தொழிலாளர்கள் திரண்ட பிறகுதான் தாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

உண்மை ஆளுநர் வரை போய்ச் சேராதது ஏன்? அங்கே அரசு அங்கீகரித்த ஒரே தொழிற்சங்கச் சம்மேளனம்தான் உண்டு. தொழிலாளர்கள் தாமாகச் சுதந்திரமான சங்கம் அமைக்க முடியாது. கீழிருந்து பேச வழியில்லாதபோது மிஞ்சியது வீதி ஒன்றுதான்.

தோழர்களே, நமக்கும் இதில் அனுபவம் உண்டு. 2021இல் இயற்கை விவசாயம் என்று சொல்லி இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடையை விலக்கவும் வேண்டி வந்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் மலையில் நிற்பவரை யாரும் கேட்கவில்லை. கொழுந்து குறைந்தது; கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கு மட்டும் குறையவில்லை.

ஆகவே நாம் பசுமைக்கு எதிரிகள் அல்ல. மண்சரிவும் வரட்சியும் முதலில் தாக்குவது நமது லயங்களையும் நமது வேலை நாட்களையும்தான். நாம் கேட்பது முறையான மாற்றம். நாளை தேயிலைக்குப் பதில் வேறு பயிர், சுற்றுலா, சூரிய மின்சாரம் என்று எது வந்தாலும் கமிட்டி மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு வேலை போகும், எத்தனை பேருக்கு வேலை வரும்? சம்பள பாக்கி, சேமலாப நிதி, சேவைக்காலக் கொடுப்பனவு எல்லாம் எந்தத் திகதிக்குள் தீர்க்கப்படும்? புதிய வேலைக்கான பயிற்சி நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நமது மொழியில் கிடைக்குமா?

பதிலையும் எழுத்திலேயே வாங்குவோம். வாய்ச்சொல்லை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஷுவாங்யாஷான் தொழிலாளர்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.