தேங்கிய விண்ணப்பமும் தேர்ந்தெடுத்த பிரதிநிதியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், திண்டுக்கல்லில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவனைப் பேச அழைத்தால் அவன் கம்பனையோ சிலம்பையோ கையில் எடுத்துக்கொண்டு வருவான் என்று எண்ணியிருப்பீர்கள். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் அத்துணை இனிமை உடையதன்று. அஃது அலுவலகங்களிற் கிடந்து தூசி படியும் காகிதங்களைப் பற்றியது. நம்மவருள் கடல் கடந்து சென்றார் ஒருவரேனும் இல்லாத குடும்பம் இன்று அரிதாகி வருகின்றது. ஒரு வீட்டில் மகனுக்குக் கடவுச்சீட்டு வரவில்லை என்பர். மற்றொரு வீட்டில் மருமகனோடு சென்று சேர மகளுக்கு விசா கிடைக்கவில்லை என்பர். ஆறு மாதம், ஓராண்டு, ஈராண்டு என நாள் செல்லும். பள்ளிக்கூடத்து வாத்தியார் நன்றாக எழுதுவார் என்னும் நம்பிக்கையால், மனு எழுதித் தருமாறு எம்மிடம் வருவோர் பலர். வந்தவுடன் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, “ஐயா, எம்.பி.க்கு எழுதலாமா, எம்.எல்.ஏ.க்கு எழுதலாமா, மந்திரிக்கே எழுதிவிடலாமா?” என்பதே. அக்கேள்விக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

விண்ணப்பம் என்னுஞ் சொல் விஞ்ஞாபனம் என்னும் வடசொல்லோடு உறவுடையது. அறிவித்தல், தெரியப்படுத்துதல் என்பதே அதன் பொருள், இரத்தல் என்பதன்று. நம்மவரோ அதனை இரத்தலாகவே கொண்டுவிட்டனர். பிரதிநிதியைக் காணச் செல்லுங்கால் மாலை, சால்வை, எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டு செல்வர். மனுவின் எண் எழுதிய துண்டுக் காகிதம் மட்டும் வீட்டிலேயே இருக்கும். சால்வையை வாங்கிக்கொண்ட பிரதிநிதி எதனைக் கொண்டு விசாரிப்பார்?

முதலாவது, எந்தப் பிரதிநிதி என்று அறிதல் வேண்டும். நமது அரசியல் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் அதிகாரங்கள் பகுக்கப்பட்டுள்ளன. குடியுரிமை, அயல்நாட்டார் வரவு, கடவுச்சீட்டு, விசா ஆகிய யாவும் மத்திய அரசுக்குரிய பட்டியலில் உள்ளன. ஆகலின் அவற்றைப் பற்றிக் கேட்கத்தக்கவர் மக்களவை உறுப்பினரும் மாநிலங்களவை உறுப்பினருமே ஆவர். சட்டமன்ற உறுப்பினரோ மத்திய அரசின் அலுவலகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை உடையவரல்லர். ஆயினும் கடவுச்சீட்டுக்கு உரிய காவல்துறை விசாரணை மாநிலத்தைச் சார்ந்தது; பிறப்புச் சான்று திண்டுக்கல் மாநகராட்சியையோ ஊராட்சியையோ சார்ந்தது. தடை அங்கே இருப்பின் சட்டமன்ற உறுப்பினரிடமோ வட்ட உறுப்பினரிடமோ செல்வதே முறை. நம் மாவட்டத்தார்க்குரிய கடவுச்சீட்டு அலுவலகம் மதுரையில் உள்ளது. காகிதம் மதுரையிற் கிடக்கின்றதா, காவல் நிலையத்திற் கிடக்கின்றதா என்று அறியாமல் டில்லிக்கு எழுதுதல், காலில் முள் தைத்தவன் தலைக்குப் பற்றுப் போட்டதை ஒக்கும்.

இரண்டாவது, பிரதிநிதி யாது செய்யவல்லார் என்று அறிதல் வேண்டும். அவர் தாமே கடவுச்சீட்டு வழங்க இயலாது. வழங்குக என்று அதிகாரிக்கு ஆணையிடவும் இயலாது. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட்டுச் சட்டம் முடிவு செய்யும் பொறுப்பை அதிகாரியிடமே வைத்துள்ளது. பின் அவர் கடிதத்தால் என்ன பயன் எனின், அதிகாரியைக் கேட்கலாம்: இம்மனு எந்நிலையில் உள்ளது, எக்காரணத்தால் நின்றது, இன்னும் யாது வேண்டும் என்று. விடை வாராவிடின் அமைச்சருக்கு எழுதலாம். அவையிலே கேள்வி நேரத்தில் வினவலாம். அவையில் எழும் கேள்விக்கு அமைச்சர் விடை தந்தாக வேண்டும். அவ்விடையை அமைச்சருக்கு எழுதித்தருவோர் அவ்வலுவலகத்தாரே. உறுப்பினர் கடிதத்துக்கு ஒரு மதிப்பு உண்டாவது இதனாலேயே அன்றி, அவர் கழுத்து மாலையால் அன்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்னும் பழமொழியை நம்மவர் அடிக்கடி சொல்வர். பூசாரி ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கும் ஒருவரை நாமே தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கின்றோம்.

ஆதலின் கடிதம் சுருங்க இருத்தல் நன்று. மனுதாரர் பெயர், மனுவின் எண், கொடுத்த நாள், இறுதியாக அலுவலகத்திலிருந்து வந்த செய்தி, அதற்கு நாம் கொடுத்த விடை, அவசரம் உண்டாயின் அதற்குரிய சான்று, ஒரு கையொப்பம், இவ்வளவே போதும். குலப்பெருமையும் கட்சிப் பற்றும் அதில் வேண்டா. இன்னதைக் கேட்கின்றோம் என்பது ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதாயின் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்கும் உரிமையும் மேல்முறையீடு செய்யும் உரிமையும் அதே சட்டத்தில் உள்ளன. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு நாமே மனுவின் நிலையைக் கேட்கலாம்; 30 நாட்களுள் விடை தரவேண்டும் என்பது விதி. இதனைச் செய்து, வந்த விடையையும் இணைத்துப் பிரதிநிதியிடம் கொடுப்போமாயின் அவர்க்குப் பாதி வேலை குறையும். இடைத்தரகர்க்குக் கொடுக்கும் ஆயிரங்களோடு இந்தப் பத்து ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அயல்நாட்டு விசா பற்றி ஒரு சொல். அமெரிக்க அரசு தாமதித்தால் திண்டுக்கல் உறுப்பினர் எழுதும் கடிதம் அங்கே பெரிதும் செல்லாது. அங்கே இருக்கும் மகனோ மருமகளோ தாம் வசிக்கும் தொகுதிக்குரிய காங்கிரஸ் உறுப்பினரிடம் செல்லவேண்டும். இத்தகைய குறைகளைக் கவனிப்பதற்கென்றே அவ்வுறுப்பினர் அலுவலகங்களில் ஊழியர் உள்ளனர். ஆனால் அந்நாட்டில் 1974-ல் ஏற்பட்ட அந்தரங்கக் காப்புச் சட்டத்தின்படி, மனுதாரர் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரம் இல்லாமல் அலுவலகத்தார் விவரம் சொல்லமாட்டார். பிரிட்டனிலும் தொகுதியில் வசிப்பவர் தம் உறுப்பினரை நாடலாம். இதிலே ஒரு வியப்பு: காமன்வெல்த்து நாட்டினர் என்னும் முறையால், அங்கே சட்டப்படி வசிக்கும் இந்தியர்க்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் உண்டு. நம்மை ஆண்டவர் நாட்டில் நம் பிள்ளைகள் வாக்களித்துத் தம் உறுப்பினரைக் கேள்வி கேட்கின்றனர்.

வாக்கு உடையார்க்கே கேட்க ஓர் ஆள் உண்டு என்பதை இதுகாறும் கூறினோம். வாக்கு இல்லார்க்கு நேர்வது யாது? இதற்கு உலகத்திற் பிற இடங்களைத் தேடவேண்டா. நம் முன்னோர் பாம்பனைக் கடந்து சென்ற இலங்கையே போதும்.

மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழர் இலங்கை மலைநாட்டில் தேயிலை வளர்த்தனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் பலர் அவைக்குச் சென்றனர். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டைமான் சென்றார். 1948 பிப்ரவரி 4-ல் இலங்கை சுதந்தரம் அடைந்தது. அவ்வாண்டிலேயே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் எந்நாட்டினரும் அல்லாதவர் ஆயினர். 1949-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, குடியுரிமை வேண்டுவோர் மனுச் செய்யலாம் என்றது. மற்றொன்று, குடியுரிமை இல்லாதார் வாக்களிக்கலாகாது என்றது. மனுவை ஒரு கையாற் கொடுத்து, அம்மனுவிற்காகப் பேசும் வாயை மற்றொரு கையால் மூடியதை நோக்குங்கள்!

காங்கிரஸ் முதலில் அம்மனுச் சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னர் மனுச் செய்யுமாறு தொழிலாளர்க்குக் கூறிற்று. 1951 ஆகஸ்டு மாதத்தில் காலக்கெடு முடிந்தபோது வந்த மனுக்கள் ஏறக்குறைய 2,37,000. அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர். மணமாகாதவர் 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் இடையறாது வசித்தமைக்குச் சான்று காட்டவேண்டும். லயத்து அறையிற் பிறந்து, துரையின் செக்குரோலில் மட்டுமே பெயர் எழுதப்பெற்ற கூலியாள் எந்தச் சான்றைக் காட்டுவான்? 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பெயர் பட்டியலில் இல்லை. அவையிலே அவர்களின் உறுப்பினரும் இல்லை. கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தனர். வழக்கொன்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953-ல் தோற்றது. மனு விசாரணை பத்தாண்டுக்கு மேலும் நீண்டது. முடிவில் குடியுரிமை பெற்றார் சுமார் 1,34,000 பேரே.

எஞ்சியவரை இரு அரசுகள் எண்ணிப் பங்கிட்டன. 1964 அக்டோபர் 30-ல் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீந்த 1,50,000 பேரை 1974-ல் பாதி பாதியாகப் பிரித்தனர். நெல்லைப் பங்கிடுங்கால் கூட நெல்லுக்குரியவனை அருகில் நிறுத்திக்கொள்வர். இம்மக்களை யாரும் கேட்டிலர். கேட்பதற்கு அவர்கள் வாக்காளர் அல்லர்.

1977-ல் தொண்டைமான் மீண்டும் தேர்தலில் வென்றார், 1978-ல் மந்திரியானார். 1986-ன் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைக்குச் செல்லாது வழிபாடு நடத்தும் போராட்டமும் நிகழ்ந்தது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களால் எஞ்சியவர்க்குக் குடியுரிமை கிடைத்தது. சட்டநூலிற் சொல் மாறினமைக்கு முன்னே அவையில் ஓர் உறுப்பினர் இடம் பெற்றமை நிகழ்ந்தது என்பதைக் காண்க. 1949-ல் மனுச் செய்தவன் பேரன் 2003-ல் விடை பெற்றான். 54 ஆண்டுகள்! நாம் ஈராண்டுத் தாமதத்திற்கே சோர்கின்றோம்.

இக்கதை இலங்கையோடு முடிந்ததன்று. நம் ஊருக்கு அருகிலேயே அதன் மிச்சம் உள்ளது. ஒப்பந்தப்படி வந்தவர் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் வழியே சென்று நீலகிரியிலும் நம் கொடைக்கானல் மலையிலும் குடியேறினர். 1983-ல் கலவரமும் போரும் மூண்டன. 1984-ல் கப்பல் நின்றது. அதன் பின்னர்ப் படகேறி வந்தவருள், இந்தியக் குடியுரிமைக்கு முன்னரே உரியவராயிருந்த மலைநாட்டார் பலர் உண்டு. கப்பலில் வந்திருப்பின் அவர் நம் நாட்டினர். படகில் வந்தமையால் சட்டவிரோதமாகக் குடியேறியவர். சட்டத்தின் சொல் அவ்வாறு அமைந்தது.

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்க்கென 321 வீடுகள் கட்டப்பெற்று 2022 செப்டம்பர் 14-ல் திறக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். வீடு நன்றே. ஆனால் குடியுரிமை பெறாதார் அவ்வீட்டில் இருந்துகொண்டு எந்தப் பிரதிநிதியின் வாக்காளர்? 2019 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் கலெக்டர் மூலமாக மனுச் செய்யலாம் என்றும் மத்திய அரசு 16 வாரங்களுள் முடிவு செய்யவேண்டும் என்றும் கூறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையே கூறிற்று, இலங்கையைக் கூறவில்லை. 2025-ல் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9 வரையில் வந்து பதிவு செய்துகொண்டவர்க்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது, குடியுரிமை அளிக்கவில்லை.

மற்றொரு வழியும் உண்டு. இதனைப் பலர் அறியார். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே இந்தியர். மண்டபத்தில் 1986-ல் பிறந்து முகாமிலேயே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் மதுரைக் கிளை இவ்வடிப்படையில் கடவுச்சீட்டு உரிமையை ஏற்றது. அவர் 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார்.

மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைத்தது ஒரு பசு. அஃது எந்தத் தொகுதியின் வாக்காளர் என்று அவன் கேட்டதாகக் கதை இல்லை. இக்காலத்து மணிகளின் கயிறோ வாக்காளர் கைக்கே எட்டுகின்றது. தோட்டனூத்தார்க்கு எட்டாத கயிறு நமக்கு எட்டும். நம் வீட்டுப் பிள்ளையின் கடவுச்சீட்டுக்காக உறுப்பினரைக் காணச் செல்லுங்கால், கையில் மற்றொரு காகிதமும் கொண்டு செல்லுங்கள்: இம்முகாமில் 1987 ஜூலைக்கு முன் பிறந்தார் எத்துணையர், கலெக்டர் மூலம் அனுப்பிய மனுக்கள் எந்நிலையில் உள்ளன என்று அவையிற் கேட்குமாறு. அவர் தொகுதிக்குள் நடப்பதை அவர் கேட்பதில் தடை யாதும் இல்லை.

சங்கக் காரியதரிசி அவர்களின் இசைவோடு, வரும் ஞாயிறு முதல் காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் யாம் மனு எழுதித்தர அமர்ந்திருப்போம், கட்டணம் இல்லை. நம் குலத்தார், பிறர் என்னும் வேறுபாடும் அங்கில்லை. ஒப்பந்தப்படி வந்த குடும்பத்தார் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துச் சீட்டு, பிறப்புச் சான்று முதலியவற்றுள் எது இருப்பினும் எடுத்து வரலாம். கறையான் அரித்திருக்கின்றதே, எழுத்து மங்கிவிட்டதே என்று வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஏட்டுச்சுவடி படித்துப் பழகிய கண்கள் எம்முடையவை.