மருத்துவக் கருவித் துறையில் நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டு

(பிளஸ் டூ, டிப்ளமோ மாணவர்களுக்காகத் தேவிபட்டினத்தில் நம் டிரஸ்ட் நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில், மருத்துவக் கருவித் துறையில் பணிபுரியும் நம் ஊர்ப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆஸ்பத்திரி மெஷினைக் கழற்றிப் பூட்டுகிறவன் நான். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, என் உம்மம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. இரவு பதினோரு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே செயற்கைச் சுவாசக் கருவி இருந்தது. ஆனால் மேலே ஒரு துணி போட்டு மூடியிருந்தது. "ரிப்பேர். சென்னையிலிருந்து ஆள் வரணும், மூணு நாளாச்சு" என்றார்கள். மதுரைக்குக் கொண்டு போனோம். அல்லாஹ்வின் அருளால் உம்மம்மா அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். பின்னால் நான் இந்த வேலைக்கு வந்து, அதே மாதிரிக் கருவியைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது: அந்த வகைக் கோளாறுகளில் பாதி, மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன போர்டில் வருவது. பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. அந்தக் கை நம் மாவட்டத்தில் அன்றைக்கு இல்லை. அதுதான் விஷயம்.

அப்போது என் வீட்டில் எனக்கு இரண்டு வழிதான் வைத்திருந்தார்கள். ஒன்று சாஃப்ட்வேர், இல்லாவிட்டால் சபர். இன்றைக்கும் இந்த ஊரில் அதே இரண்டு வழிதான் என்று நினைக்கிறேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பக்கத்து ஊர்க்காரரிடமிருந்து ஆரம்பிப்போம். அப்துல் கலாம் அவர்கள் என்றால் ராக்கெட், ஏவுகணை, ஜனாதிபதி மாளிகை என்று சொல்வோம். அவர் செய்த காலிப்பர் பற்றி இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஹைதராபாத்தில் அவர் ஏவுகணைக் கூடத்தில் இருந்த காலம். அக்னிக்காக மிக லேசான, ஆனால் உறுதியான ஒரு பொருளை உருவாக்கியிருந்தார்கள். நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தின் எலும்பு டாக்டர் ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கலாமைத் தன் வார்டுக்கு அழைத்துப் போனார். அங்கே போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். சில வாரங்களில் கலாமின் குழு 300 கிராம் எடையில் காலிப்பர் செய்து கொண்டு வந்தது. பெற்றவர்கள் அழுதார்கள் என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிறகு இதய மருத்துவர் சோம ராஜுவுடன் சேர்ந்து, இறக்குமதி விலையில் ஒரு பங்குக்கே கிடைக்கும்படி இதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்டையும் செய்தார். அதற்குக் கலாம்–ராஜு ஸ்டென்ட் என்றே பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கலாம் டாக்டர் இல்லை. அவர் படித்தது விமானப் பொறியியல். குழுவில் இருந்தவர்களும் உலோகம், ரசாயனம், இயந்திரம் என்று படித்தவர்கள்தான்.

அடுத்து மதுரை. நம் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். நம் வீட்டுப் பெரியவர்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகாதவர்கள் குறைவு. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் புரை எடுத்தால் சோடாபுட்டிக் கண்ணாடிதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒன்று சுமார் 100 டாலர். ஏழைக்கு அது எட்டாது. அதனால் 1992-ல் அவர்களே ஆரோலேப் என்று ஒரு தொழிற்கூடம் ஆரம்பித்தார்கள். லென்ஸ் விலை 10 டாலருக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலிருந்து போகிறது.

ஒரு லென்ஸின் ஒளி போகும் பகுதி ஆறு மில்லிமீட்டர் அகலம். ஒரு பிளாஸ்டிக் வில்லையை லேத்தில் வைத்து அந்த அளவுக்குக் கடைந்து, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கிருமி நீக்கி, அடைக்க வேண்டும். கீறல் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்து வந்த இளம் பெண்கள். கேட்டீர்களா? "பொம்பளப் புள்ளைக்கு இஞ்சினியரிங் எதுக்கு, மெஷினோட மல்லுக்கட்டவா?" என்று போன வருடம் ஒரு ஹாஜியார் என்னிடம் கேட்டார். அவருடைய கண்ணில் இருக்கும் லென்ஸே ஒரு பொம்பளப் பிள்ளை சரிபார்த்ததாக இருக்கும், ஹாஜியார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் பொறியியல் ஆராய்ச்சிக் கூடமும் ஒரே நிறுவனத்தில் இருக்கும் அபூர்வமான இடம். டாக்டர் வலியத்தான் அதன் இயக்குநராக இருந்தபோது, செயற்கை இதய வால்வு இங்கேயே செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போன ஏழைப் பிள்ளைகள் நம் நாட்டில் அதிகம். வெளிநாட்டு வால்வு வாங்க முடியாது.

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. வருடத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை தடவையும் வால்வு திறந்து மூட வேண்டும். தேயக் கூடாது, உடையக் கூடாது, ரத்தம் உறையக் கூடாது. முதல் மூன்று மாடலையும் கைவிட வேண்டியதாயிற்று. நான்காவதுதான் நின்றது. கோபால்ட் கலந்த உலோகத்தில் சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் ஒரு பிளாஸ்டிக் வட்டு. ஆட்டில் வைத்துச் சோதித்து, 1990 டிசம்பர் 6-ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். ஆரம்பித்ததிலிருந்து பத்து வருடத்துக்கு மேல். அந்த வால்வை இப்போது டி.டி.கே. நிறுவனம் தயாரிக்கிறது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியாகிவிட்டது. மூன்று தடவை தோற்ற பொறியாளர்களுக்கு அந்தப் பத்து வருடமும் சம்பளம் வந்தது, வேலை இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2019-ல் நிற்கவும் உட்காரவும் உதவும் சக்கர நாற்காலி ஒன்றை வெளியிட்டார்கள். அரைஸ் என்று பெயர். பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு வடிவமைத்தது. அவர் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியை. தயாரித்தது சென்னையிலுள்ள ஒரு கம்பெனி.

இனி, இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிகள் கேட்க நினைப்பது: "காக்கா, அப்ப நான் பயோமெடிக்கல் எடுக்கவா?"

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நீட் கிடைக்கவில்லை, பெயரிலாவது 'மெடிக்கல்' இருக்கட்டும் என்று எடுக்காதீர்கள். அப்படி எடுத்துவிட்டு வெள்ளைக் கோட்டை நினைத்து ஏங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ஆய்வுக்கூடமும் பக்கத்தில் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியும் உள்ள கல்லூரியில் கிடைத்தால் பயோமெடிக்கல் நல்ல படிப்பு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போல. இல்லாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் இவற்றில் ஒன்றை நல்ல கல்லூரியில் உறுதியாகப் படியுங்கள். கடைசி வருட புராஜெக்டை மருத்துவக் கருவியில் செய்யுங்கள். வடிவமைப்பு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அடிப்படைப் பிரிவில் கெட்டிக்காரனைத்தான் தேடுகிறார்கள். என் கருத்து இது. கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மேற்படிப்புக்கு வழி இருக்கிறது. கேட் தேர்வில் 2020-லிருந்து பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் சித்திரை நிலையம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் எஞ்சினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன.

வேலை எங்கே இருக்கிறது? நம் நாட்டில் பயன்படும் மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதிதான். இதைக் குறைக்க 2023-ல் மத்திய அரசு தனிக் கொள்கையே கொண்டு வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடம் பக்கம் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது சட்டம். 2017-ல் வந்த மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியிலிருந்து அமலில் உள்ளன. ஆபத்தின் அளவை வைத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தெர்மாமீட்டருக்கு ஒரு கட்டுப்பாடு, இதய வால்வுக்கு வேறு கட்டுப்பாடு. இதனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் பரிசோதனை ஆவணம், தரச் சான்று, ஐ.எஸ்.ஓ. 13485 என்று பார்த்துக்கொள்ள ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பொறுமையாக உட்கார்ந்து படித்து, பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது ஏற்ற வேலை. நம் பெண் பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

கம்ப்யூட்டர் படிக்கிறவர்களும் வெளியே இல்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கூகுள் உருவாக்கியபோது, அரவிந்த், சங்கர நேத்ராலயா இரண்டு மருத்துவமனைகளோடும் சேர்ந்து வேலை செய்தது. மதுரையில் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தவும் செய்தார்கள். நோயைக் கண்டறியும் மென்பொருளே சட்டப்படி ஒரு மருத்துவக் கருவிதான்.

டிப்ளமோ படித்த தம்பிகளுக்குத்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தார்கள். ஒரு மருத்துவக் கல்லூரி என்றால் மானிட்டர், வென்டிலேட்டர், டயாலிசிஸ், ஸ்கேன் என்று எத்தனை கருவிகள்! இத்தனையையும் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ் வேலைக்கு டிப்ளமோ போதும். ஆரம்பச் சம்பளம் குறைவு, மறைக்கவில்லை. முதல் இரண்டு வருடம் பைக்கில் ஊர் ஊராக அலைய வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும். ஆனால் இந்த அனுபவத்தோடு சபர் போகிறவன் ஹெல்ப்பர் விசாவில் போக மாட்டான். நான் ஆறு வருடம் வளைகுடாவில் இருந்தேன். என்னோடு ஆஸ்பத்திரிக் கருவிப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் மலையாளிகள். நம் மாவட்டத்துப் பையன்களை அதே ஆஸ்பத்திரியில் பார்த்தேன், டிராலி தள்ளிக்கொண்டிருந்தார்கள். உழைப்பில் கேவலமில்லை. ஆனால் அதில் ஒருவன் பாலிடெக்னிக் முடித்தவன். அவனிடம் இந்த வழியை யாரும் சொல்லவில்லை.

செலவைப் பற்றி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு எஞ்சினியரிங் கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதம் தனி. டிப்ளமோ முடித்தவர்கள் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே வட்டிக்குப் பயந்து படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. முதலில் இந்த வழிகளைப் பாருங்கள், பிறகு வட்டியில்லாக் கடனுக்கு டிரஸ்டைக் கேளுங்கள்.

கலாம் எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அவருடைய லாத்தா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நம் வீடுகளில் இன்றும் நகை அடகுக்குப் போகிறது. எதற்கு என்று உங்களுக்கே தெரியும், விசாவுக்கு. நான் போனதும் அப்படித்தான். என் உம்மாவின் நகை திரும்பி வர நான்கு வருடம் ஆயிற்று.

கவுன்சலிங்குக்குக் கல்லூரிப் பட்டியல் எழுதி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் போனில் கூப்பிடுங்கள், நானே பேசுகிறேன். அஸர் வரை இங்கேதான் இருப்பேன். மேஜைமேல் ஒரு பழைய பி.பி. கருவியும், ஓடாத ஒரு ஈ.சி.ஜி. மெஷினும், இரண்டு ஸ்க்ரூ டிரைவரும் வைத்திருக்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. திறந்து பாருங்கள். உடைந்தாலும் பரவாயில்லை.