யார் மேல் தப்பு என்பது பாதிக் கேள்விதான்

(சூரமங்கலத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"தொழிற்சாலை அனுபவத்தைப் பற்றிப் பேசுங்க" என்றுதான் செயலாளர் சொன்னார். பேசுகிறேன். ஆனால் தொழிற்சாலையில் கற்ற ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு சாலைக்கு வரப்போகிறேன். இங்கே இருக்கிற மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று இரண்டு சக்கரத்தில்தான் வந்திருப்பீர்கள். வீட்டில் அம்மா அப்பா மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அந்த இரண்டு சக்கரத்தால்தான்.

ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் 14,337 பேர். நம் தமிழ்நாட்டில் அந்த ஒரே ஆண்டில் சாலையில் போன உயிர்கள் 17,884. நம் கல்லூரியில் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, இந்த எண்ணை அதனோடு வைத்துப் பாருங்கள்.

தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் உடைந்தால் நாங்கள் இரண்டு கேள்வி கேட்போம். யாரால் உடைந்தது என்பது ஒன்று. மறுபடி உடையாமல் இருக்க என்ன மாற்ற வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்வியோடு கூட்டத்தை முடித்துவிட்டால், அடுத்த மாதம் அதே இயந்திரம் அதே இடத்தில் உடையும். சாலையில் மட்டும் நாம் எப்போதும் முதல் கேள்வியோடு எழுந்து போய்விடுகிறோம். "தப்பு அவன் மேல" என்று தெரிந்தால் போதும், நிம்மதி. இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, "விதி."

என் வகுப்புத் தோழன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. கடைசி வருடம், 2011. ஜங்ஷன் மெயின் ரோட்டில் ஐந்து ரோடு பக்கம் போய்க்கொண்டிருந்தான். பின்னால் ஒரு ஜூனியர் பையன். முன்னால் போன ஷேர் ஆட்டோ கையும் காட்டாமல், விளக்கும் போடாமல் வலதுபக்கம் திரும்பிவிட்டது. வண்டி வழுக்கி மோதியது. ஹெல்மெட் போட்டிருந்த என் நண்பனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த பையனுக்கு ஹெல்மெட் இல்லை. தலையில் அடி. பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு வருடப் படிப்பு போனது. வெகுநாள் வரை நேற்றுப் படித்தது இன்று அவனுக்கு நினைவில் நிற்கவில்லை.

போலீஸ் விசாரித்து ஆட்டோ ஓட்டியவர் மேல் வழக்குப் பதிவு செய்தது. விடுதியில் நாங்கள் எல்லோரும் நண்பனிடம், "உன் மேல ஒரு தப்பும் இல்லடா" என்று ஆறுதல் சொன்னோம். அவன் கேட்டுக்கொண்டான், பதில் சொல்லவில்லை. கட்டு பிரித்த வாரமே ஓமலூர் பக்கத்தில் அந்தப் பையனின் ஊருக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். அப்பா குச்சிக்கிழங்கு போடுகிற சிறு விவசாயி. "கேஸ்தான் ஆட்டோக்காரர் மேல போட்டாச்சே தம்பி, நீங்க எதுக்குக் கலங்கறீங்க?" என்றார் அவர். அதற்கு இவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "கேஸ் அவர் மேலதானுங்க ஐயா. ஆனா உங்க பையனை ஹெல்மெட் இல்லாம வண்டியில ஏத்தினது நானுங்க. வண்டி வழுக்கினது என் கையிலங்க."

சட்டம் அவனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அவனும் ஆட்டோக்காரரை விடுவிக்கவில்லை. யார் மேல் தப்பு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும், என் கையில் இருந்தது என்ன என்பதை நான்தான் பார்க்க வேண்டும் என்று பிரித்துக்கொண்டான். பொறுப்பேற்பது என்றால் இதுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நெஞ்சில் அடித்துக்கொள்வது பொறுப்பு ஆகாது. அந்தப் பையன் குணமாகிற வரை மாதம் இரண்டு முறையாவது பாடக் குறிப்புகளோடு அவன் வீட்டுக்குப் போய் வந்தான். அடுத்தபடியாக, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான்.

ஆறு வருடமாக ஓட்டுகிறவன் மறுபடி என்ன கற்பது என்று நாங்கள் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம், சாக்பீஸ் கோடு, அளக்கும் டேப். குறிப்பிட்ட வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் பிரேக். பின் பிரேக் மட்டும் ஒரு தடவை, இரண்டு பிரேக்கும் சேர்த்து ஒரு தடவை. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் எடுத்தது.

"முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். இயந்திரவியல் படித்தவர்கள் யோசியுங்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடும், ஓங்கி மிதித்தால் பூட்டிக்கொண்டு வழுக்கும். நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. வண்டி நேராக இருக்கும்போது முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்த வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மணலிலும் வளைவிலும் இன்னும் மென்மை வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், நிற்கும் தூரத்தை மந்திரம் போட்டுக் குறைத்துவிடாது.

இது என் நண்பன் ஒருவன் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தார். வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிடாமல் குறுக்கே வந்தது அந்த வேறு வாகனம்தான். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையாகப் பயிற்சி பெறாதவர்கள், தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். ஆபத்து வந்ததும் பின் பிரேக்கை அதிகமாகவும் முன் பிரேக்கைக் குறைவாகவும் பிடித்து வழுக்கியவர்கள் நிறையப் பேர். தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த இரண்டு வினாடியில் யாரும் புதிதாக எதையும் கற்க முடியாது. முன்னாலேயே கை பழகியிருந்தால்தான் உண்டு.

வேகத்தின் கணக்கும் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி, காய்ந்த சாலையில் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க சுமார் 23 மீட்டர் ஆகும். 60-இல் 44 மீட்டர். 80-இல் 72 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. முதலாம் ஆண்டுப் பாடம்தான் இது. தேர்வில் எழுதினோம், ரோட்டில் மறந்துவிட்டோம்.

ஒரு விபத்திலிருந்து ஒருவர் கற்றால் எத்தனை பேர் பிழைக்கலாம் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ்பெற்ற டி.ஈ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் இரண்டு சைக்கிள் சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பி விழுந்தார். தலையில் அடிபட்டு ஆறு நாளில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர். நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை என்று அவர் அதோடு விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

நம் ஊரில்? மோட்டார் வாகனச் சட்டம் 1988-லேயே ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு 2015 ஜூலை 1 முதல் இருவருக்கும் கட்டாயம் என்று அறிவித்த பிறகுதான் நாம் கடைக்கு ஓடினோம். அப்போதும் பலர் வாங்கியது போலீஸுக்காக, தலைக்காக அல்ல. ஐஎஸ் 4151 முத்திரை இருக்கிறதா பாருங்கள். தாடைப் பட்டையைப் பூட்டுங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள், உள்ளே இருக்கும் நுரை நசுங்கித் தன் வேலையை முடித்துவிட்டது.

தம்பிகளுக்கு இன்னொரு செய்தி. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே, நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த யூடியூபரை நீங்கள் அறிவீர்கள். அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பத்து வருடத்துக்கு ரத்து செய்தார்கள். தண்டனை கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்தது. அந்தக் காணொளியை ரசித்துப் பார்த்தவர்கள் என்ன கற்றார்கள் என்பது நம் பாடு.

நம் பக்கத்துச் சாலைகளைப் பற்றியும் நாலு வார்த்தை. ஏற்காடு ஏறி இறங்கப் போவீர்கள், போகாதே என்றால் கேட்கவா போகிறீர்கள்? இருபது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே பாதி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் கனரக லாரிக்கு முன்னாலும் ஒட்டியும் போகாதீர்கள். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. ஜங்ஷன் ரோட்டில் ஆட்டோ, பஸ் எதுவானாலும் இப்போது திரும்பும், இப்போது நிற்கும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

மீறி விபத்து நடந்துவிட்டால், ஓடாதீர்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டுபவரின் சட்டக் கடமை. 108-ஐ அழையுங்கள். அடிபட்டவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கழுத்தில் காயம் இருக்கலாம். யாரோ அடிபட்டுக் கிடந்தால் 'நமக்கேன் வம்பு' என்று விலகவும் வேண்டாம். உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் சட்டத் திருத்தமும் சொல்லிவிட்டன. 2021 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்களாகிய என் நண்பர்களுக்கும் ஒன்று. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து விபத்து நடந்தால், 2019 திருத்தத்தின்படி சிறைக்குப் போக வேண்டியவர் கொடுத்தவர்தான்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசும் கேடயமும் தருகிறோம், நல்லதுதான். இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் புதிதாக வண்டி வாங்கிய மாணவர்களுக்கு ஒதுக்குவோம். முறையாகக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர், கல்லூரி மைதானம், சாக்பீஸ், அளக்கும் டேப் போதும். விடுதிக்குப் பத்து ஹெல்மெட் வாங்கி வைப்போம். பின்னால் உட்கார்ந்து போகிற பையன் அதை எடுத்துப் போகட்டும், திரும்பி வந்து வைக்கட்டும். முதல் இரண்டு ஹெல்மெட் என் நண்பனுடையது, அடுத்த இரண்டு என்னுடையது. மீதி ஆறையும் இந்தக் கூட்டம் முடிவதற்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.