மார்பிற் குத்தும் பூவும் மண்ணில் நட்ட கல்லும்



ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் பிரித்தானிய மக்கள் தம் மேற்சட்டையின் மார்பிற் செந்நிறத் தாட்பூ ஒன்றைக் குத்திக்கொள்கின்றனர். அரசரும் அமைச்சரும் எளிய தொழிலாளரும் ஒப்பவே அதனை அணிகின்றனர். பாப்பி என்னும் பூவின் உருவம் அது; கசகசாச் செடிக்கு உறவான காட்டுச்செடியின் பூ. போரில் மாண்டாரை மறவோம் என்பதற்கு அதுவே அடையாளம். தமிழருள் அதனைக் கண்டு வியப்பாரும் உளர்; அடிமைக் காலத்து எச்சம் என்று எள்ளுவாரும் உளர். வியப்பையும் எள்ளலையும் ஒருபுறம் வைத்து, அப் பூ எவ்வாறு வந்தது, அதனால் தமிழர் அறியத்தக்கது யாது என ஆராய்வதே அறிவுடைமை.

1914 முதல் 1918 வரை நடந்த உலகப் பெரும்போரில் பெல்சிய நாட்டுப் பிளாண்டர்சு வயல்கள் குண்டுகளாற் கிளறப்பட்டன. பாப்பியின் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கவல்லது. மண் கிளறப்பட்டு ஒளி பட்டதும் முளைப்பது. ஆகவே பிணம் புதைத்த மண்ணிலேயே அது செக்கச்செவேல் எனப் பூத்தது. கனடியப் படை மருத்துவர் சான் மெக்ரே 1915-இல் அக் காட்சியைப் பாட்டாக்கினார். அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் 1918-இல் அப் பூவைச் சூடத் தொடங்கினார். 1921-இல் பிரித்தானியப் படைமறவர் கழகம் அதனை ஏற்றது. மறு ஆண்டே, போரில் உறுப்பிழந்தார் அமர்ந்து தாட்பூச் செய்யும் தொழிலகம் இலண்டனில் எழுந்தது. பூ விற்ற பணம் காலிழந்தானுக்கும் கணவனை இழந்தாளுக்கும் சென்றது. வெறும் ஒப்பனையாக அப் பூ பிறக்கவில்லை. கைம்மாறு செய்யும் கடமையாகப் பிறந்தது.

போரை இனிதாக்கிக் காட்ட அப் பூ பயன்படலாகாது என்று அஞ்சியவர்களும் அந்நாட்டில் இருந்தனர். 1933-இல் பிரித்தானியக் கூட்டுறவு மகளிர் கழகத்தார் அமைதிக்கு அடையாளமாக வெண்ணிறப் பாப்பியைச் சூடினர். மாண்டாரை நினைப்பது வேறு, மாள்விக்கும் போரைப் போற்றுவது வேறு என்பதை அப் பெண்டிர் உணர்ந்திருந்தனர்.

அவையோரே! போருக்கும் பூவுக்கும் உள்ள உறவைத் தமிழர் எவரிடமும் கற்க வேண்டுவதில்லை. ஆநிரை கவர்வார் வெட்சி சூடினர். மீட்பார் கரந்தை சூடினர். மண் கொள்ளச் செல்வார்க்கு வஞ்சி, மதிலை வளைப்பார்க்கு உழிஞை, காப்பார்க்கு நொச்சி, நேர்நின்று பொருவார்க்குத் தும்பை, வென்றார்க்கு வாகை. சேரர் பனம்பூவும் சோழர் ஆத்தியும் பாண்டியர் வேம்பும் அணிந்தனர். கொங்கு வரப்புகளில் இன்று காலில் மிதிபடும் சின்னஞ்சிறு வெண்டும்பை, ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைத்தோர் தலையில் இருந்த பூ.

ஆயின் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அப் பூக்களைச் சூடியவன் போருக்குச் செல்பவன். அவன் மாண்டபின் எஞ்சியோர் செய்தது பூச்சூடல் அன்று, கல் நடுதல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் படிகளைத் தொல்காப்பியர் வகுத்தார். தக்க கல்லைத் தேடிக் காணவேண்டும், கொணர்ந்து நீராட்டவேண்டும், நட்டுப் படையலிட்டு வாழ்த்தவேண்டும். அத்தனையும் உழைப்பு. கல்லிற் பெயரும் பீடும் பொறித்து, மயிற்பீலியும் மாலையும் சாத்தினர். பூ வாடும்; பெயர் நிற்கும்.

அப் பெயரும் அரசர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட நடுகல், கூடலூர் ஆகோளில் பட்ட ஒருவனைத் தமிழி எழுத்திற் பெயரிட்டுச் சொல்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டுக் கல்லொன்று, தலைவன் மாண்டபின்னும் கள்வரைக் கடித்து நின்ற நாயையும் விடாமல், கோவிவன் என அதன் பெயரையும் பொறித்துள்ளது. நாய்க்கும் பெயர் வெட்டிய இனம் தமிழினம்.

இனி, மறுபுறம் நோக்குக. அப் பெரும்போருக்கு இந்தியாவிலிருந்து 13 இலக்கத்துக்கு மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். 74,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மெசபொத்தாமியப் போர்முனையில் பட்டோர்க்காகப் பாசுராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் ஆங்கிலவர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியப் படைத்தலைவர் பெயர்களும் பொறிக்கப்பட்டன. எளிய இந்தியப் படைஞர்க்கோ பெயரில்லை. இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே இடம்பெற்றது! பொதுநல நாடுகளின் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் இத்தகைய குறையை ஒப்பி வருத்தம் தெரிவித்தது. கிழக்காப்பிரிக்க, எகிப்திய மக்களே பெரும்பகுதியினராக, குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, ஒருவேளை எவ்வகையாலும் நினைவுகூரப்படவில்லை என அதன் அறிக்கையே கூறிற்று. 2018-இல் இந்தியப் படைஞரைப் போற்றக் கதர்த்துணிப் பாப்பி வெளியிடப்பட்டது. நூறாண்டு கழித்துப் பூ வந்தது, பெயர் வரவில்லை.

இதனைச் சொல்லிப் பிறரைப் பழிப்பது எளிது. தமிழர் தம்மை நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களிற் புலிகுத்திக் கற்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. பட்டியைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவன் கையில் வேலோடு அக் கல்லில் நிற்கின்றான். அவற்றுட் சில இன்றும் வழிபாடு பெறுகின்றன. மற்றவையோ முட்புதரில் மறைந்தும் மண்ணிற் புதைந்தும் கிடக்கின்றன. அயலார் பெயரை வெட்டாது விட்டனர். தமிழரோ வெட்டி நட்டதைப் பேணாது விட்டனர். எது பெரும்பிழை?

கொங்கு மக்கள் முழுதும் மறந்துவிட்டனர் என்பதும் பொருந்தாது. அண்ணன்மார் பொன்னர் சங்கர் வழிபாட்டிற் படுகளம் என்றொரு நிகழ்ச்சி உண்டு. இளையர் களத்திற் பட்டார்போல் வீழ்ந்து கிடப்பர். பின்னர் நீர் தெளித்து எழுப்பப்படுவர். மாண்டாரை ஊரே கூடி எழுப்பிப் பார்க்கும் இவ் வழக்கினும் ஆழ்ந்த நினைவேந்தல் வேறெங்குளது? 1805-இற் சங்ககிரியில் தூக்கிலேற்றப்பட்ட தீரன் சின்னமலையை ஆடிப் பதினெட்டாம் நாள் கொங்குநாடு நினைக்கின்றது. அவனோடு பட்ட பெயரறியா மறவர்க்கும் அந்நாளில் ஒரு பூ உரியது அன்றோ?

எப் பூ எனில், விடை கொங்கு மண்ணிலேயே உள்ளது. மூலனூர், தாராபுரம் பக்கத்து உழவர் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் செடியின் பூவே செங்காந்தள்; தமிழ்நாட்டின் மலர். இலை நுனியாற் பற்றி ஏறி, பச்சை கலந்த மஞ்சளாய் விரிந்து, தீக்கொழுந்துபோற் சிவந்து முதிர்வது. செடி முழுதும் நஞ்சு. அந் நஞ்சிலிருந்தே மூட்டுநோய்க்கு மருந்து எடுக்கின்றனர். வெறியாட்டயர்ந்த காந்தளைத் தொல்காப்பியர் புறத்திணையுள் வைத்தார். கார்த்திகையிற் பூப்பதாற் கார்த்திகைப்பூ என்று ஈழத்தார் அதனை வழங்குவர். 1989 முதல் நவம்பர் 27-ஆம் நாளைப் போரிற் பட்ட இளையர்க்குரிய நாளாகக் கொண்டனர். 2009-க்குப்பின் ஆங்குள்ள துயிலும் இல்லங்கள் இடித்து நொறுக்கப்பட்டன. எக் கொள்கையை எவர் ஏற்பினும் மறுப்பினும், மகன் புதைந்த இடத்தில் தாய் பூ வைப்பதைத் தடுப்பது மாந்தநேயம் ஆகாது. உடைத்த கல்லின் சிதறலைக் கூட்டிவைத்து அத் தாயர் விளக்கேற்றுகின்றனர். நடுகல் மரபு அங்கே கண்ணீரோடு வாழ்கின்றது.

ஆதலின், கொங்கு இளைஞரே! தாட்பாப்பியைப் பகைக்கவும் வேண்டா. பார்த்துப் படியெடுக்கவும் வேண்டா. அதனிடம் கொள்ளத்தக்கது ஒன்றே: பூ அணிந்தவன் கைப்பொருளும் ஈந்தான். இந்நாட்டிலும் 1949 முதல் திசம்பர் 7 கொடிநாளாக உள்ளது. அன்று இடும் காசு, போரிற் பட்டார் குடும்பத்துக்கும் உறுப்பிழந்தார்க்கும் செல்வது என்பதைப் பள்ளிப் பிள்ளைகட்கு எடுத்துரையுங்கள். கார்த்திகையில் உங்கள் ஊர் நடுகல்லைத் தேடிச் செல்லுங்கள். முள்ளை அகற்றுங்கள், நீராட்டுங்கள், எழுத்திருப்பின் படியெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கதையறிந்த முதியோர் சொல்வதை எழுதிவையுங்கள். அதன்பின் ஒரு காந்தட்பூவை அக் கல்லின் அடியில் வையுங்கள். பெயரைத் தேடாத பூ வெறும் ஒப்பனை. பூவைக் காணாத கல் வெறும் பாறை. இரண்டையும் ஒன்றுசேர்ப்பதே மாண்டார்க்குத் தமிழர் செய்யும் கடன்!