நான்கு முழம் நோக்கி நடத்தல்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



துறவு பூண்ட முனிவருக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகல் வெளிச்சத்தில், தமக்கு முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கியவாறு அடியெடுத்து வைத்தல் என்பது அதன் பொருள். நான்கு முழம் என்பது ஏறத்தாழ 6 அடி. திகம்பர முனிவர் தாம் அமரும் இடத்தையும் மயிற்பீலியால் மெல்ல நீவிய பின்னரே அமர்கிறார். அப்பீலியும் மயில் தானே உதிர்த்த தோகையால் ஆனது. மழைக்காலத்தில் முளைகளும் சிற்றுயிர்களும் பெருகும் என்பதால் நான்கு திங்கள் ஓரிடத்திலேயே தங்கிச் சாதுர்மாஸ்யம் காக்கிறார்.

இல்லறத்தாருக்கு இத்துணைக் கடுமை இல்லை. விடியலில் பேருந்தைப் பிடிக்க விரைபவரும், மின்தொடர் வண்டியில் நெருக்குண்டு நிற்பவரும் நான்கு முழம் நோக்கி நடப்பது எங்ஙனம்? சென்னை போன்ற மாநகரில் இந்நெறிக்கு இடமுண்டா? இளைஞர் பலர் இன்று எழுப்பும் நேர்மையான வினா இது. இதற்கு நேர்மையான விடையும் வேண்டும்.

விடையைத் தொடங்க ஒரு சொல்லைப் பார்த்தல் நன்று. பேச்சு வழக்கில் ‘பிரமாதம்’ என்றால் மிகச் சிறப்பு என்று பொருள். சமண நூல்களிலோ அது கவனப்பிசகைக் குறிக்கும். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம், இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் இந்தக் கவனப்பிசகையே அடிப்படையாக வைக்கிறது. பொன்னூர் மலையில் தவமியற்றியவராகப் போற்றப்படும் குந்தகுந்தரும் தம் பிரவசனசாரத்தில் இதனைத் தெளிவுபடுத்துகிறார். கவனமின்றி நடப்பவன் காலடியில் உயிர் சாகாவிடினும் அவன் இம்சையிலிருந்து விடுபட்டவனல்லன். கவனத்தோடு நடப்பவனை, தற்செயலாய் நேரும் உயிர்க்கேடு மட்டும் பிணிப்பதில்லை. ஆகவே அகிம்சை காலில் தொடங்குவதன்று, கண்ணில் தொடங்குவது.

நகர வாழ்வில் இதற்குச் சான்று வேண்டுவோர் பழைய சுவர் ஒன்றைப் பார்த்தால் போதும். காகமும் மைனாவும் குயிலும் அரசம்பழத்தை உண்டு எச்சமிட, சுவர் விரிசலில் விதை முளைக்கிறது. இரண்டிலைப் பருவத்தில் அதைக் கண்டவர், சுவரை நனைத்து, வேர் அறாமல் மெல்ல எடுத்துத் தொட்டியில் நட்டுக் காக்க இயலும். அவ்வழியே நாள்தோறும் நூறு பேர் நடந்தும் ஒருவரும் காணவில்லை எனில், சில ஆண்டுகளில் வேர் சுவரைப் பிளக்கும். பின்னர் கோடரியன்றி வழியில்லை. சுவரும் கெட்டது, மரமும் மாண்டது. ஆலமர நிழலில் ஆதிநாதர் கேவல ஞானம் எய்தினார் என்று போற்றும் சமயத்தார், அதன் இனமாகிய அரசை வெட்டும் நிலைக்கு வருவது காணாமையின் விளைவேயாம்.

மழைநீருக்கும் இது பொருந்தும். மாடியில் கிடக்கும் பழைய டயரையும் உடைந்த தொட்டியையும் நீர் தேங்குமுன் கவிழ்த்து வைப்பவர் எவ்வுயிரையும் கொல்வதில்லை. காணாது விட்டவர் வீட்டிலோ, முட்டை ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் கொசுவாகிறது. அதன்பின் காய்ச்சலுக்கு அஞ்சித் தெருவெங்கும் புகைமருந்து அடிக்க நேர்கிறது. உரிய காலத்துக் கவனம் கொலையைத் தவிர்க்கிறது. காலங்கடந்த கவனம் கொலையில் முடிகிறது. நகரத்தில் வாழும் சிராவகர் உள்ளத்தில் நிறுத்த வேண்டிய உண்மை இதுவே.

காண்பதற்கோ பொருளுக்குக் குறைவில்லை. இப்பங்குனி, சித்திரையில் புங்கமரம் பழைய இலை உதிர்த்துப் பளபளக்கும் தளிர் விடுகிறது. வேம்பு பூத்து நடைபாதையில் சிறு வெண்பூக்களைச் சொரிகிறது. தூங்குமூஞ்சி மரம் அந்தி சாயும்போது இலைகளைக் கூப்பிக்கொள்கிறது. பகலவன் மறையுமுன் உணவை முடிக்கும் நோன்புடையோர், வீடு திரும்பும் வழியில் அம்மரத்தையும் நோக்கலாம். ஓரறிவுயிரும் பொழுதறியும்.

அருகன் திருவுருவின் பின்னே விளங்கும் அசோகினைக் கோயிலில் வணங்குவோர் பலர். அடுக்குமாடி வீடுகளின் மதிலோரம் ஊசிபோல் நெடிது நிற்கும் மரத்தையே அசோகு எனக் கருதுவோரும் அவருள் உளர். அது நெட்டிலிங்கம். உண்மை அசோகு செம்மஞ்சள் பூங்கொத்துகளைத் தாங்கும் வேறு மரம். நாள்தோறும் வணங்குவதன் பெயரையும் வடிவையும் அறிதல் வழிபாட்டின் ஒரு பகுதியன்றோ?

ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளை உண்ணலாகாது என்பது சிராவகரின் மூலகுணங்களுள் அடங்கும். அவற்றுள் சிற்றுயிர்கள் மல்கியிருக்கும் என்பதே காரணம். நடைபாதையில் உதிர்ந்த அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்ப்பவர் அக்காரணத்தைக் கண்ணால் காண்பார். அத்தி உண்மையில் மூடிய பூங்கொத்து. அதன் நுனியிலுள்ள சிறு துளை வழியே நுண்ணிய குளவி புகுந்து, முட்டையிட்டு, மகரந்தமும் சேர்க்கிறது. அக்குளவியின்றி அத்தியில் விதை இல்லை. அத்தியின்றிக் குளவிக்கு வாழ்வில்லை. உயிர்கள் ஒன்றற்கொன்று துணை என்னும் தத்துவம் அக்கனிக்குள் அடங்கியிருக்கிறது.

இயற்கையோடு மனிதர் அமைத்தவற்றையும் நோக்க வேண்டும். மெட்ரோ நிலையத்தில் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நீண்ட கோடுகள் ‘செல்க’ என்றும், வட்டப் புள்ளிகள் ‘நிற்க, எச்சரிக்கை’ என்றும் பார்வையற்றோரின் பாதத்திற்கு உணர்த்துகின்றன. ஜப்பானியர் செய்ச்சி மியாக்கே 1965இல் உருவாக்கிய இவ்வோடுகள் 1967இல் ஒகாயாமா நகரில் முதன்முதல் பதிக்கப்பட்டன. காணாதவர் ஒருவருக்காக முன்கூட்டியே கண்டவர் ஒருவர் செய்த ஏற்பாடு இது. இதையறியாமல் அக்கோட்டின் மேல் இருசக்கர வண்டியையோ மூட்டையையோ வைப்பவர் கொடியவரல்லர்; கவனியாதவர். ஆயினும் தடுக்கி விழுபவருக்கு வலி ஒன்றே.

தமிழகத்து முன்னோரும் இவ்வகை முன்னோக்கு உடையவர்களே. தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கிக் கல் நட்டனர். வழிப்போக்கர் அமரத் திண்ணை வைத்தனர். எறும்புக்கும் உணவாகுமென அரிசிமாவில் கோலமிட்டனர். இன்று கல்மாவில் இடும் கோலம் கண்ணுக்கு அழகு, எறும்புக்கு ஏமாற்றம். மரத்தடிவரை சிமென்ட் பூசிய நடைபாதையும் அத்தகையதே. வேருக்கு நீரும் காற்றும் செல்ல வழியின்றி, பரவ இடமின்றி நிற்கும் மரம் புயலுக்கு எளிதில் சாயும். 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. அடிமரத்தைச் சுற்றிச் சில அடி மண்ணை விட்டுவைக்குமாறு பணி நடக்கும்போதே கேட்பதும் அகிம்சையே. மரம் சாய்ந்தபின் வருந்துவதால் பயனில்லை.

ஆகவே இல்லறத்தார்க்கு எளிய நோன்பு ஒன்று உரியது. நாள்தோறும் செல்லும் வழியில், வீட்டு வாயில் முதல் பேருந்து நிறுத்தம் வரையிலேனும், கைப்பேசியைப் பையிலிட்டு நடத்தல். ஓர் உயிரையும், பிறருக்காகச் செய்யப்பட்ட ஓர் அமைப்பையும் காணுதல். ஊறு நேரவிருக்கும் இடம் ஒன்று கண்ணிற்பட்டால் அன்றே ஆவன செய்தல். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனை அவர்களோடு சேர்ந்து செய்யின், பாடநூல் தராத அறக்கல்வி வழியிலேயே அமையும்.

முனிவர் நான்கு முழம் நோக்கி நடப்பது வழியிலுள்ள சிற்றுயிரின் பொருட்டு. அந்நோக்கில் ஒரு பங்கேனும் நகரத்தார்க்கு வாய்க்குமாயின், வெட்டப்படாமல் ஓர் அரசங்கன்றும், தடுக்கி விழாமல் ஒருவரும் பிழைப்பர். அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!