திணை மயங்கிய திரைப்படங்கள்



தமிழ்நாட்டில் திரைப்படத்தைப் பற்றிப் பேசப் புகும் கவிஞர் பெரும்பாலும் பாடலில் தொடங்கிப் பாடலிலேயே முடித்துக்கொள்கிறார். அதில் வியப்பில்லை. ஐந்தாறு மெட்டுகளின் இடைவெளியே இந்நாட்டுத் திரைப்படம் கவிஞனுக்கு ஒதுக்கித் தந்த இடம். ஆயின், பாடலாசிரியர் எவரும் இல்லாமலே, காட்சிகள் அடுக்கப்பட்ட முறையிலும் ஒலிகளுக்கு நடுவே விடப்பட்ட மௌனத்திலும் கவிதைக்குரிய வேலை நடந்திருக்கும் படங்கள் உலகில் பல உண்டு. அவற்றுட் சிலவற்றைக் கவிஞர்களின் பார்வைக்கு முன்வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சிறையுடைப்புப் படம், அறிவியல் புனைவுப் படம், பாட்டுப் படம், துப்பறியும் படம், ஆவணப்படம் எனத் திரையுலகம் பிரித்து வைத்திருப்பதும் ஒருவகைத் திணைப் பகுப்பே. ஒவ்வொன்றுக்கும் உரிய நிலமும் பொழுதும் உண்டு, கருப்பொருளும் உண்டு. அறிவியல் புனைவு என்றால் விண்கலமும் விளக்கு மின்னும் எந்திரமும். துப்பறியும் கதை என்றால் இரவும் மழையும் கைத்துப்பாக்கியும். திணைகள் மயங்குவதைத் தொல்காப்பியர் தடுக்கவில்லை என்பதை இங்குள்ளோர் அறிவர். உரிப்பொருளுக்கு மட்டுமே அவர் அந்த உரிமையைத் தரவில்லை. முதலும் கருவும் இடம் மாறலாம். உள்ளிருக்கும் ஒழுக்கம் மாறலாகாது. வழக்கத்தை மீறிய நல்ல படங்களுக்கும் வெறும் விசித்திரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இதைவிட நல்ல அளவுகோல் எளிதில் கிடைக்காது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்ததற்காகவே பாராட்டப்பட்ட படங்களும் உண்டு. அவை இவ்வுரையில் இடம்பெறா.

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸான் 1956இல் எடுத்த படம், 'மரண தண்டனைக் கைதி ஒருவன் தப்பிவிட்டான்'. முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? ஜெர்மானியர் பிடியிலிருந்த லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து 1943இல் தப்பிய ஆந்த்ரே தெவின்யி என்பாரின் அனுபவமே கதை. பிரெஸ்ஸானும் போர்க்கைதியாக இருந்தவர். கதாநாயகனாக நடித்தவர் தொழில்முறை நடிகரல்லர். தத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். படத்தில் துரத்தல் இல்லை. துப்பாக்கிச் சண்டை இல்லை. ஒரு கரண்டியின் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கி, கதவுப் பலகைகளின் இடுக்கை நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுரண்டுகிறான் கைதி. விழும் மரத்தூளைக் கூட்டி அள்ளுகிறான். காவலன் சாவியால் கம்பிகளைத் தட்டிக்கொண்டு வரும் ஓசையே அச்சத்தின் ஓசை. வெளியே செல்லும் வண்டிகளின் ஓசையே உலகம். இவ்வளவு சொற்ப பொருள்களால் நெஞ்சைப் பிசையும் படம் வேறு உண்டா என்பது ஐயமே. தப்பும் நாள் நெருங்கியபோது அவனது அறைக்குள் இன்னொருவன், இளைஞன், தள்ளப்படுகிறான். அவன் உளவாளியாகவும் இருக்கலாம். அவனைக் கொன்றுவிடுவதா, நம்பி உடன் அழைத்துச் செல்வதா? படம் அதுவரை வந்த வழியெல்லாம் இந்த ஒரு கேள்வியை நோக்கித்தான் என்பது அப்போது விளங்குகிறது. சிறையுடைப்பின் உரிப்பொருள் வீரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது நம்பிக்கை என்று காட்டுகிறார் பிரெஸ்ஸான்.

கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) இருபத்தெட்டு நிமிடங்களே ஓடும் அறிவியல் புனைவு. மூன்றாம் உலகப் போரில் அழிந்த பாரிஸ் நகரம். நிலவறைகளில் எஞ்சிய மனிதர்கள். காலத்தின் ஊடே பயணம் அனுப்ப ஒரு கைதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறுவயதில் விமான நிலையத்தில் கண்ட ஒரு பெண்ணின் முகத்தை அவன் மறக்காதிருப்பதே தேர்வுக்குக் காரணம். காலம் கடக்க இப்படத்தில் ஊர்தி இல்லை, நினைவே ஊர்தி. படம் முழுவதும் அசையாப் புகைப்படங்களால் ஆனது. ஒருவர் கதை சொல்கிறார். படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைகின்றன. ஒரேயொரு இடத்தில் மட்டும், உறங்கும் அப்பெண் கண்விழிக்கையில், படம் சில நொடிகள் அசைகிறது. ஒரு சொல்லைக் கவிதையின் முற்பகுதி முழுவதும் அடக்கி வைத்திருந்து உரிய இடத்தில் விடுவது எப்படி என்று கேட்பவர்க்கு, அச்சில நொடிகளைக் காட்டலாம். 1995இல் இக்கதையைத் தழுவி அமெரிக்காவில் பெரும் பொருட்செலவில் ஒரு படம் வந்தது. சுவையான படம்தான், ஆனால் அதில் எல்லாமே அசைகின்றன.

பாட்டுப் படம் தமிழர்க்குப் புதிதன்று. எனினும் ழாக் தெமி இயக்கிய 'ஷெர்பூரின் குடைகள்' (1964) இங்குள்ளோரையும் திகைக்க வைக்கும். அதில் பாடல் என்று தனியே எதுவும் இல்லை. பேச்சு முழுவதும் பாட்டே. மிஷெல் லெக்ரானின் இசையில், வண்டி பழுதுபார்ப்பவன் எந்திரத்தின் இரைச்சலைப் பற்றிச் சொல்வதும் பாட்டு. குடைக்கடைக்காரி கடன் தொல்லையைச் சொல்வதும் பாட்டு. சக தொழிலாளி ஒருவன் தனக்கு இசை நாடகமே பிடிக்காது, சினிமாதான் பிடிக்கும் என்று பாடியே சொல்கிறான்! முதலில் சிரிப்பு வரும். கால் மணி நேரத்தில் அது அடங்கிவிடும். கதையில் இருப்பது பாலையும் முல்லையும். குடைக்கடைப் பெண்ணின் காதலன் அல்ஜீரியப் போருக்கு அழைக்கப்படுகிறான், அவள் கருவுற்றிருக்கிறாள், கடிதங்கள் குறைகின்றன. படத்தின் மூன்று பகுதிகளுக்கும் பிரிவு, இல்லாமை, மீள்வு என்றே பெயர். சங்கத் தலைவி கார்காலம் வரை ஆற்றியிருந்தாள்; தலைவனும் சொன்ன பருவத்தில் தேரூர்ந்து வந்தான். இங்கே ஆற்றியிருத்தல் முறிகிறது. யாரையும் குற்றவாளியாக்காமல் முறிகிறது. பனி பெய்யும் இரவில், ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிகழும் இறுதிச் சந்திப்பில் இருவரும் சொல்லிக்கொள்வது மிகக் குறைவு. முல்லைத்திணையை நடத்தும் ஆசிரியர்கள் அக்காட்சியை ஒருமுறையேனும் காண்பது நல்லது.

இந்நேரத்தில், பாடலே இல்லாத தமிழ்ப் படம் ஒன்றையும் நினைக்க வேண்டும். ஏ.வி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இலேயே வந்துவிட்டது. இயக்கியவர் பின்னாளில் வீணைக் கலைஞராகவே பெரிதும் அறியப்பட்டவர். இசைவாணர் ஒருவரே பாட்டை விலக்கினார் என்பது எண்ணத்தக்கது.

கழுதையை மையமாகக் கொண்டு இரண்டு படங்கள் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒன்று பிரெஸ்ஸானின் 'ஓ அஸார் பால்தஸார்' (1966). பல எஜமானர்களிடம் கைமாறி உழைத்துத் தேயும் கழுதை, மனிதரின் கொடுமைகளைப் பேசாமல் பார்த்துக்கொண்டே செல்கிறது. மற்றொன்று, அதன் தாக்கத்தை உள்வாங்கி ஜான் ஆபிரகாம் தமிழில் எடுத்த 'அக்ரகாரத்தில் கழுதை' (1977). திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது. பிரெஞ்சுக் கழுதை ஒரு சாட்சி; தமிழ்க் கழுதையோ கொல்லப்பட்ட பின் தெய்வமாகிறது. அடித்துக் கொன்றவர்களே கோயில் கட்டப் பேசும்போது எள்ளல் தீயாக மாறுகிறது. ஊமைப் பெண்ணாக வரும் உமாவின் பாத்திரம் மனத்தை விட்டு அகலாதது. படத்தின் தொழில்நுட்பக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஒலி சில இடங்களில் தடுமாறுகிறது. தேசிய விருது பெற்றும் தமிழ் மக்களிற் பெரும்பாலோர் அதைக் காணவே இல்லை என்பதுதான் பெரிய குறை.

கவிஞரின் வாழ்வையே பொருளாகக் கொண்டது செர்கேய் பரஜானவின் 'மாதுளையின் நிறம்' (1969). பதினெட்டாம் நூற்றாண்டு அர்மேனியக் கவிஞர் சாயத் நோவா பற்றியது. ஆனால் பிறப்பு, வளர்ப்பு என வரலாறு சொல்லாது. அசையாக் கேமராவின் முன் ஓவியம் ஓவியமாக விரியும். கவிஞரின் இளமை உருவையும் காதலியின் உருவையும் ஒரே நடிகை, சோஃபிகோ சியாவுரேலி, ஏற்றிருக்கிறார். சோவியத் அதிகாரிகளின் தலையீட்டில் கவிஞரின் பெயர் தலைப்பிலிருந்து நீங்கியது. பரஜானவ் பிறகு சிறைப்பட்டு 1977இல்தான் வெளியே வந்தார். அழகே சுமையாகும் அளவுக்கு அழகான படம் என்று சிலர் குறை சொல்வதுண்டு. அதில் சிறிது உண்மையும் உண்டு.

கவிஞர் எடுத்த படம் ஒன்று இவை அனைத்திலும் கூர்மையானது. ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் 1962இல் தப்ரீஸ் அருகேயுள்ள தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சென்று, பன்னிரண்டு நாட்களில் எடுத்த 'அந்த வீடு கறுப்பு'. நீளம் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல். அவர் எடுத்த படம் இது ஒன்றே எனலாம். 1967இல், முப்பத்திரண்டு வயதில், வாகன விபத்தில் மறைந்தார். நோயின் தன்மையை, மருத்துவத்தை, உலர்ந்த ஆண்குரல் ஒன்று சொல்கிறது. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த பகுதிகளையும் தம் சொற்களையும் கவிஞரே தம் குரலில் படிக்கிறார். இரண்டு குரல்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சிதைந்த முகத்துக்கு மை தீட்டிக்கொள்ளும் பெண்ணைக் கேமரா இரக்கத்தோடு பார்க்கவில்லை. இன்னொரு பெண் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. படப்பிடிப்பு முடிந்து திரும்புகையில், அங்கிருந்த சிறுவன் ஒருவனை வளர்ப்பு மகனாக அழைத்துச் சென்றார்.

இறுதியில் ஒரு வகுப்பறை வருகிறது. அழகான பொருள்கள் சிலவற்றைச் சொல்லும்படி ஆசிரியர் கேட்கிறார். நிலவையும் பூக்களையும் விளையாட்டையும் சொல்கிறான் சிறுவன். அழகற்றவை எவை என்ற கேள்விக்குக் கையையும் காலையும் தலையையும் சொல்கிறான் இன்னொருவன், வகுப்பு சிரிக்கிறது. பின்னர், 'வீடு' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதும்படி ஒருவன் கரும்பலகைக்கு அழைக்கப்படுகிறான். அவன் எழுதுவதே படத்தின் தலைப்பு.

திரைப்படச் சங்கங்கள் பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளைக் கடன் வாங்கி, மாடி அறையில் திரையிட்ட காலம் போய்விட்டது. இவற்றுட் பலவற்றை இன்று வீட்டிலேயே தேடிப் பார்க்க இயலும். முதலில் ஃபரோக்சாத்தின் படத்தையும் மார்க்கரின் படத்தையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். இரண்டும் சேர்ந்தே ஒரு மணி நேரம் ஆகாது. நடுவில் மட்டும் விளக்கைப் போட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருக்க வேண்டும்.