மண்டலித்த பின்னும் ஒரு பாடல்: இங்கர் கிறிஸ்டென்சனின் யாப்பு

டென்மார்க் கவிஞர் இங்கர் கிறிஸ்டென்சன் (1935–2009) கணக்குப் போட்டுக் கவிதை கட்டியவர். 1981இல் வந்த ‘அகரவரிசை’ நூலில், முந்தைய இரு பகுதிகளின் அடிகளைக் கூட்டினால் அடுத்த பகுதியின் அடிக்கணக்கு கிடைத்துவிடும், ஃபிபோனாச்சி வரிசைதான். 1991இல் அவரே 14 அடிகள் கொண்ட பழைய இத்தாலிய சானெட்டுக்குத் திரும்பினார். ‘வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கு’ என்ற அந்த நூலைத் துணைத்தலைப்பில் இரங்கற்பா என்றே குறித்தார். இச்சொற்பொழிவு அதன் யாப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

மொத்தம் 15 சானெட்டுகள். ஒன்றின் ஈற்றடியே அடுத்ததற்கு முதலடி. தமிழ் அவைக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அந்தாதிதான். ஆனால் அந்தாதியில் எழுத்தோ அசையோ சீரோ தொடர்ந்தாலும் போதும். இங்கே முழு அடியும் வந்தாக வேண்டும். 14ஆம் பாடல் முதல் பாடலின் தொடக்க அடியில் முடிந்து மண்டலித்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒரு பாடல் உண்டு. முந்தைய 14 பாடல்களின் முதலடிகளை வரிசை மாறாமல் அடுக்கினால் அதுவே 15ஆம் பாடல்!

ஆக, 14 அடிகள் மும்மூன்று முறை வருகின்றன. 210 அடிகள் கொண்ட நூலில் புதிதாக எழுதப்பட்டவை 182 மட்டுமே.

டேனிஷ் யாப்பு நேர், நிரை பார்ப்பதில்லை. உச்சரிப்பின் அழுத்தத்தை எண்ணுகிறது. இந்நூலில் மெலிந்த அசை, அழுந்திய அசை என்று அடிக்குப் பெரும்பாலும் ஐந்து இணைகள். தொடைக்கு இயைபு. முதல் எட்டடிகளில் அஆஅஆ, இஈஇஈ. எஞ்சிய ஆறில் உஊஉ, எஊஎ. நடுவிலுள்ள ‘ஊ’தான் இரு மூவடிகளையும் சேர்த்துக் கட்டும் ஆணி. 15ஆம் பாடலில் அந்த இடத்தில் ‘பொய்கள்’ என்ற சொல்லுக்கு இயைபாக ‘கண்கள்’ வருகிறது. ‘சந்திப்பு’ இணைவது ‘இறந்தோர்’ என்பதோடு. திரும்ப வரும் ஒவ்வோர் அடியும் இப்படி மூன்று இடங்களில், மூன்று விதக் கூட்டாளிகளோடு இயைய வேண்டும். பலர் இந்த வடிவத்தில் தடுக்கி விழுவது இங்கேதான்.

கிறிஸ்டென்சன் விழவில்லை, அடி மாறாவிட்டாலும் அதன் வேலையை மாற்றிவிடுகிறார். ஓர் அடி, இன்றைய வட மாசிடோனியாவின் பிராய்ச்சினோ பள்ளத்தாக்கையும் அதன் நண்பகல் வெக்கையையும் சொல்கிறது. முதல் பாடலின் ஈற்றில் இந்த அடி, கலங்கிய அறிவோடு கவிஞர் பூச்சிகளைக் காணும் இடத்தைச் சொல்கிறது. 15ஆம் பாடலில் இரண்டாம் அடியாக வரும்போது, அவை எழும்பிப் பறக்கும் வெளியாகிவிடுகிறது. சொல் ஒன்றுகூட மாறவில்லை.

முடிவு இன்னும் துணிச்சலானது. வண்ணத்துப்பூச்சியின் சிறகிலிருந்து சாவு நம்மைப் பார்க்கும் அடியில் 14ஆம் பாடல் தொடங்கி, பூச்சிகள் மேலெழும் அடியில் முடிகிறது. 15ஆம் பாடல் அதே இரண்டு அடிகளை முனை மாற்றி வைக்கிறது: எழுச்சி முதலில், சாவின் பார்வை கடைசியில். மண்டலித்ததோடு நின்றிருந்தால் நூல் எழுச்சியில் முடிந்திருக்கும். இரங்கற்பா என்ற துணைத்தலைப்புக்கும் வேலை இருந்திருக்காது.